ஆரெண்ட் வீட்டுத் தொட்டியும் கரையாத குமிழிகளும்

1
இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, மிரட்டி வாங்கப்பட்டது. பக்கத்து வீட்டு தினெக்கே வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

"நீ கதை எழுதுவியாமே. எங்க மீன்தொட்டியைப் பத்தி எழுது. என்னை ராட்சசியா காட்டினே, உங்க வீட்டு மசாலா வாசத்தைப் பத்தி நகராட்சிக்குப் புகார் போட்டுடுவேன்!"

இருபத்தாறு வருடமாக, ஸ்வொல்லா என்ற இந்த டச்சு நகரத்தில், அந்த வாசத்தைத் தேடி வந்து சாப்பிடுகிறவள் அவள்தான்.

2
முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: "ஸ்வொல்லா நகரின் மேல் மேகம் கவிந்திருந்த ஒரு காலையில்..."

(அடித்துவிட்டேன். இங்கே மேகம் கவியாத காலை வந்தால்தான் செய்தி.)

நேராகவே சொல்கிறேன். தினெக்கேயின் கணவர் ஆரெண்ட், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். தொலைக்காட்சி இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றரை மீட்டர் நீளத் தொட்டி வைத்திருக்கிறார். அதில் செடிகள்தான் ஊர்க்காரர்கள். மீன்கள் வந்துபோகும் விருந்தாளிகள். ஒவ்வொரு நவம்பரிலும் மீன்தொட்டிச் சங்கத்தின் நடுவர் வீட்டுக்கே வந்து மதிப்பெண் போடுவார். இரண்டு வருடமாக ஒரே தீர்ப்பு: செடிகள் வெளிறியிருக்கின்றன, தண்ணீர் சோடாபோல் பொங்குகிறது.

செடிகளுக்குக் கரியமில வாயு வேண்டும். அது சிலிண்டரிலிருந்து வந்து, சின்னப் பீங்கான் வில்லை வழியாகக் குமிழியாகப் பிரியும். ஆரெண்டின் குமிழிகள் நேராக மேலே போய் வெடித்தன. அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று, வால்வை இன்னும் திறப்பது.

3
தினெக்கே டயாலிசிஸ் பிரிவில் முப்பது வருடம் நர்ஸ். (இதை முதலிலேயே சொல்லியிருக்கவேண்டும். சொல்லியிருந்தால் உங்களுக்கு ஆரெண்ட்மேல் பரிதாபம் வந்திருக்காது.)

"கூரைக்கா காத்து போடுறே?" என்று அவள் கேட்டபோது நான் அங்கே இருந்தேன். "ரத்தமானாலும் தண்ணியானாலும், கரையவேண்டியது அதோட உரசிக்கிட்டு இருக்க நேரம் குடுக்கணும். பம்ப்புத் தண்ணி வந்து விழுற இடத்துக்குக் கீழே வில்லையை வை. குமிழியைக் கீழே தள்ளி, தொட்டியைச் சுத்தி அனுப்பும். போற வழியிலேயே கரைஞ்சிடும்."

"இது தொட்டிம்மா, ஆஸ்பத்திரி இல்ல."

"அதான் தெரியுதே. ஆஸ்பத்திரியில நோயாளி பிழைப்பான்."

4
நடுவர் வருவதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை. ஆரெண்ட் விடிந்ததும் வால்வை இன்னும் கொஞ்சம் திருகிவிட்டு, பக்கத்து ஊரான டெவென்டரில் நண்பரின் தொட்டியைப் பார்க்கப் போயிருந்தார். பத்து மணிக்கு தினெக்கே என் ஜன்னலைத் தட்டினாள். தட்டினாள் என்பது மரியாதைக்கு எழுதியது, குத்தினாள்.

"வாளியோட வா!"

மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. தொட்டிக்குள் ஒட்டியிருந்த சின்னக் கண்ணாடிக் குமிழில் ஒரு திரவம் இருக்கும்: வாயு குறைந்தால் நீலம், அளவாக இருந்தால் பச்சை, மிஞ்சினால் மஞ்சள். அது எலுமிச்சை நிறத்தில் இருந்தது. அவள் வால்வை மூடினாள், மிஞ்சிய வாயு வெளியேற, தண்ணீர் மேற்பரப்பு அலையடிக்கும்படி பம்ப்பின் வாயைத் திருப்பினாள். மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை இருவருமாக மாற்றினோம். நான் தரைவிரிப்பையும் நனைத்தேன். (இது கதைக்கு அவசியமில்லை. ஆனால் அவள் விடமாட்டாள்.)

மதியத்துக்குள் மீன்கள் கீழே இறங்கின. இரண்டு மட்டும் இறங்கவில்லை. அவற்றை ஒரு தட்டில் எடுத்துவைத்தாள். பிறகு பம்ப்பின் வாயைக் கீழ்நோக்கித் திருப்பி, வில்லையைத் தான் சொன்ன இடத்தில் வைத்து, வினாடிக்கு ஒரே குமிழி வருமளவு வால்வைத் திறந்தாள்.

5
ஆரெண்ட் திரும்பியதும் கத்தினார் என்று எழுதிப்பார்த்தேன். அழுதார் என்றும் எழுதினேன். இரண்டும் பொய். தட்டைப் பார்த்தார், வில்லையைப் பார்த்தார். சமையலறைக்குப் போய் நாற்காலியில் அப்படியே

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெரியவில்லை. அங்கே நான் போகவில்லை.

ஆனால் வில்லையை அவர் நகர்த்தவில்லை. பன்னிரண்டு நாளும் இருவரும் சாப்பாடு, மழை, பேரனின் பல் என்று எல்லாவற்றையும் பேசினார்கள், தொட்டியைத் தவிர.

6
நடுவர் லாமர்ஸ் தொட்டிமுன் நாற்காலி போட்டுக் கால்மணிநேரம் உட்கார்ந்தார். எனக்கும் காபி கிடைத்தது, கூடவே ஒரே ஒரு பிஸ்கட். இந்த ஊர் வழக்கப்படி டப்பா உடனே மூடப்பட்டது. தண்ணீரில் நுரையே இல்லை. கண்ணாடிக் குமிழில் திரவம் பச்சை. சிவப்பு இலைகளின் ஓரத்தில் செடிகளே விட்ட மூச்சு முத்துமுத்தாக நின்றது.

"பிரமாதம். வில்லையை இங்கே வச்சது யாரு?" என்றார்.

தினெக்கே தட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள். ஆரெண்ட் தொண்டையைக் கனைத்தார். டச்சு மொழியில் ஒரே ஒரு சொல் சொன்னார்: 'நான்' என்ற ஒருமை இல்லை, அதன் பன்மை.

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். அந்த மொழியில் அதற்கு ஒரே சொல்தான். நடுவரிடம் சொன்னதென்றால் தமிழில் "நாங்க". மனைவியிடம் திரும்பிச் சொன்னதென்றால் "நாம". முதலாவது பதில். இரண்டாவது மன்னிப்பு.

அவர் யாரைப் பார்த்துச் சொன்னார்? எனக்குத் தெரியாது. அந்த நேரம் மூடியிருந்த பிஸ்கட் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருவரிடமும் கேட்டேன். "அது எதுக்கு உனக்கு?" என்று இரண்டு பேரும் சிவந்துபோனார்கள். ஆகவே நடுவில் இடம் விடுகிறேன், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்:

"__________தான் வச்சோம்."