மொட்டுக்குள் போன முகம்

படக்கதைத் தாளில் பூச் செய்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முகம் இருக்கும் இடத்தை இதழாக வெட்டமாட்டார்கள். ஒற்றைக் கண்ணும் பாதி மூக்குமாகப் பூ முறைத்தால் யார்தான் வாங்குவார்கள்? வானம், புகை, சண்டைத் தூசி எல்லாம் இதழுக்கு. அதே தாளில் இருக்கும் முகத்தை இறுக்கிச் சுருட்டி, பசை தடவி, நடுமொட்டாக வைத்துவிடுவார்கள். பூக்காரி இதில் கெட்டிக்காரி. காகிதப் பூக்காரி என்று முழுசாகச் சொல்ல ஊரில் யாருக்கும் பொறுமையில்லை.

பழைய புத்தகங்களை மூட்டையாக வாங்கி வருவாள். பின்னைப் பிடுங்கித் தாள் தாளாகப் பிரிப்பது அப்பாவின் வேலை. அவருக்கு ஞாபகம் கழன்றுகொண்டே வந்தது, ஆனால் கை மட்டும் சும்மா இருக்காது. விட்டால் சட்டைப் பொத்தானைப் பிய்க்கும். அதற்கு இது தேவலை என்று அவளேதான் பழக்கிவிட்டாள்.

அவருக்கென்று ஒரே ஒரு புத்தகம் தலையணைக்கடியில் இருக்கும். தினமும் புதுசாகப் படிப்பார். திருடன் பிடிபட்டதும் தினமும் கைதட்டுவார். அவனைக் காட்டிக்கொடுப்பவள் பச்சை ரயில் பக்கத்தில் நிற்கும் ரெட்டைப் பின்னல் சிறுமி. அந்தப் படம் வந்ததும் நிமிர்ந்து, "குருவி, அப்படியே நீதான்டி இது!" என்பார். அவர் அவளை மகளென்று அடையாளம் காண்பது அப்போது மட்டும்தான். மற்ற நேரமெல்லாம், "நீங்க யாரு வீட்டுப் பொண்ணும்மா?" அந்த ஒரு 'குருவி'யை நம்பித்தான் அவள் நாளைத் தள்ளினாள்.

அன்றைக்குக் கல்யாண மண்டபத்திலிருந்து அவசர ஆர்டர். மூட்டை தீர்ந்துபோயிற்று, அப்பாவின் கை ஓயவில்லை. தலையணைக்கடியில் இருந்ததையும் எடுத்து, ஒழுங்காகப் பின் பிடுங்கி, அடுக்கோடு வைத்துவிட்டார். வேலை மும்முரத்தில் அவள் எதையும் பார்க்காமல் வெட்டித் தள்ளினாள்.

பூவைக் கொடுத்துவிட்டு வந்தால் அப்பா தலையணையைப் புரட்டித் தேடிக்கொண்டிருக்கிறார். அடுக்கோடு அதையும் வெட்டிவிட்டது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வேறு புத்தகம் கொடுத்தாள். வீசியெறிந்தார். மண்டபத்துக்கு ஓடினாள்.

அலங்காரக்காரர் ஏணியில் நின்றிருந்தார். "குடுத்தத திருப்பிக் கேக்குறியே, விளையாடுறியாம்மா?"

"ஒரே ஒரு பூண்ணே. உங்க கால்ல வேணா விழறேன்."

இதழில் தெரிந்த ரயில் பச்சையை வைத்துத்தான் அந்தப் பூவைக் கண்டுபிடித்தாள். வீட்டுக்கு வந்து மொட்டை ஈரத்துணியால் ஒற்றி, நகத்தால் மெல்லப் பிரித்தாள். பின்னல் இரண்டும் வந்தன. முகம் பசையோடு போய்விட்டது. கெட்டிக்காரி ஒட்டினது, லேசில் விடுமா?

அப்பா அந்தத் துண்டை எடுத்துப் பார்த்தார். "யாரு இத கிழிச்சது?"

நீங்கதான் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். "நான்தாம்ப்பா."

"என் குருவி படம் இது. நீ யாரு இதத் தொட? என் பொண்ணு வரட்டும், உன்ன சும்மா விடமாட்டா!"

நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"வரட்டும்ப்பா" என்றாள். அவர் காலடியில் உட்கார்ந்து அவளும் வாசலையே பார்த்தாள்.