மீசை வழிக்காத மூத்தவன்

சோணைமுத்துவை ஊரில் யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவன் கடைப்பக்கம் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். பெற்ற தகப்பனுக்குக் கொள்ளி வைக்காமல் ஓடிப்போன மூத்த பிள்ளையிடம் முகம் கொடுத்து என்னத்தைப் பேசுவது?

ஓடித்தான் போனான், அதை இல்லையென்று சொல்ல முடியாது. ஒக்கூர்க் கண்மாய்க் கரையில் அடுக்கிய விறகின் மேல் அப்பன் மாயக்கண்ணனைக் கிடத்தியாகிவிட்டது. தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன் என்பது எல்லோருக்கும் தெரிந்த முறை. தலையையும் மீசையையும் வழித்துவிட்டுத்தான் கொள்ளிச்சட்டியைத் தொட வேண்டும். நாவிதர் சேவுகன் அவனுக்குத் தலையை வழித்து முடித்தார். பிறகு செம்புத் தண்ணீரை அள்ளி, வலது கன்னத்துத் தாடியில் தடவினார். அவ்வளவுதான். சோணைமுத்து ஒரு கத்து கத்தினான் பாருங்கள், எருமுட்டை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டார்கள். சேவுகனைப் பிடித்துத் தள்ளினான். மொட்டைத் தலையும் தாடியுமாகக் கரையேறிப் பனங்காட்டுக்குள் ஓடி மறைந்தான்.

ஒரு நாழிகை பொறுத்துப் பார்த்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஊர்த் தலைவரான அம்பலம் தலையசைக்க, தம்பி மலையாண்டி அழுதுகொண்டே கத்திக்கு முகத்தைக் கொடுத்துக் கொள்ளி வைத்தான். பனைமரத்தடியில் உட்கார்ந்திருந்த சோணைமுத்து அந்தப் புகையைப் பார்த்தான். அப்போதே நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாமென்று அவனுக்குத் தோன்றியது. செத்தால் அப்பன் எரிந்த கரையிலேயே விறகடுக்கி வைப்பார்களே, எந்த முகத்தோடு அங்கே போய்ப் படுப்பது என்றும் தோன்றியது.

விஷயம் என்னவென்றால், அவனுக்கு வலது முகத்தில் நாலு வருஷமாக வலி. வலியென்றால் நமக்கெல்லாம் வருகிற தலைவலி, பல்வலி இல்லை. மூக்கோரத்தில் தொடங்கிக் காதுவரைக்கும் பழுக்கக் காய்ச்சிய கம்பியை இழுத்தாற்போல ஒரு வெட்டு. பத்து எண்ணுவதற்குள் போய்விடும். ஆனால் எது தொட்டால் வரும், எப்போது வரும் என்று கணக்கே கிடையாது. காற்றுப் பட்டால் வரும், ஒரு வாய் சோறு மென்றால் வரும், ஈ உட்கார்ந்தால் வரும். பல்தான் காரணமென்று காரைக்குடிச் சந்தையில் குறடு வைத்திருந்தவனிடம் போய் மூன்று நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். பல் போனது, வலி இருந்த இடத்திலேயே இருந்தது. ரங்கூன் தைலம் என்று ஒருவன் கொடுத்ததைத் தடவிவிட்டு வைக்கோற்படப்புக்குப் பின்னால் புரண்டான்.

யாரிடமாவது சொல்லியிருக்கலாம் இல்லையா? சொல்ல மாட்டான். மஞ்சுவிரட்டில் மாடு குத்தித் தொடை கிழிந்தபோது முனகாமல் நடந்து வந்தவன் அவன். வீக்கமில்லை, புண்ணில்லை. காற்றடித்தால் வலிக்கிறது என்று எந்த வாயால் சொல்வான்? கத்தி படாமல் இருக்கத் தாடி வளர்த்தான். கேட்டவர்களிடம் அய்யனாருக்கு வேண்டுதல் என்றான். சாமி பேரில் பொய். அதைச் சொன்ன அன்றிலிருந்து அய்யனார் கோயில் பக்கம் அவன் தலைவைத்துப் படுக்கவில்லை. அப்பன் பிணத்துக்கு முன்னால் மட்டும் எப்படியாவது பல்லைக் கடித்துத் தாங்கிவிடலாமென்றுதான் உட்கார்ந்தான். தாங்க முடியவில்லை.

ஊர் வாய் சும்மா இருக்குமா? மீசை மேல் அத்தனை ஆசை என்றார்கள் சிலர். அப்பன் இளையவனுக்குத் தோட்டத்தைக் கொடுத்துவிட்ட ஆத்திரம் என்றார்கள் வேறு சிலர். சோணைமுத்து களத்துக் கொட்டகையிலேயே கிடந்தான். பெண்டாட்டி நாகவல்லி சோறு கொண்டுவந்தாள். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, மாமா ஒன்று சொல்லியிருக்கிறார் என்று ஆரம்பித்தாள். அப்பன் பேச்சைக் கேட்கிற தைரியம் அவனுக்கு இல்லை. வைத்துவிட்டுப் போ என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

கருமாதி நெருங்கியது. அன்றைக்கு மூத்தவனாக நின்று எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டும். அதற்கும் வழித்தாக வேண்டும். வழிக்காவிட்டால் தாய்மாமன் கட்டுகிற உருமால் தலைப்பாகையும் தம்பி தலைக்குப் போகும். உருமால் போனால் போகட்டும். அப்பனுக்கு ஒரு கை தண்ணீர்கூட இறைக்காத பிள்ளை என்பதை மட்டும் அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பன்னிரண்டாம் நாள் சேவுகன் கொட்டகைக்கு வந்தார். கீழே விழுந்ததில் முழங்கையில் கட்டுப் போட்டிருந்தது. சோணைமுத்து அதைப் பார்த்துக் குறுகிப்போனான். சேவுகன் அதைப்பற்றிப் பேசவில்லை. இடது பக்கமாகத்தானே மெல்லுகிறீர்கள் என்று கேட்டார். வாடையடிக்கிற மாதத்தில் கூடுதலா என்று கேட்டார். சோணைமுத்துவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"பல்லுமில்ல, பில்லி சூனியமுமில்லங்கய்யா. அது நரம்பு," என்றார் சேவுகன். "கானாடுகாத்தான்ல ஒரு ஆச்சிக்கு இதே வெட்டு. தீத்துப்புடுறேன்னு எவனாச்சும் சொன்னா நம்பாதீக. வரும், போகும், சில மாசம் அசந்து கெடக்கும், திரும்பி வரும். அதோட பழக்கம் தெரிஞ்சா சமாளிக்கலாம். மெல்லத் தொட்டாத்தான் அதுக்கு ஆகாது. ஒரு வெட்டு வெட்டி முடிஞ்சா, கொஞ்ச நேரத்துக்கு நீங்க என்ன பண்ணுனாலும் அது எந்திரிக்காது. ஆச்சி அந்த நேரத்துலதான் ரெண்டு வாய் சாப்புடுவாக."

சோணைமுத்துவுக்கு மெல்லப் புரிந்தது. அவனே அதைக் கூப்பிட வேண்டும். அது வந்து வெட்டிவிட்டுப் போன பிறகு, அந்த இடைவெளியில் சேவுகன் கத்தியை இழுப்பார். ஒரு தடவையில் முடியாது, மூன்று நாலு தடவை ஆகும். அதுவும் ஊரார் முன்னால். தனியாக வழித்துக்கொண்டு வரலாமா என்று கேட்டான். கருமாதி வழிப்பைக் கரையில் ஊரார் பார்க்கத்தான் செய்ய வேண்டும், அதை மாற்ற எனக்கேது உரிமை என்றார் சேவுகன்.

பதினாறாம் நாள் காலையில் கண்மாய்க் கரையில் தம்பி மலையாண்டி முறைசெய்ய உட்காரப் போனபோது சோணைமுத்து முன்னால் வந்து நின்றான். அம்பலத்தைப் பார்த்துச் சொன்னான்:

"வேண்டுதல்னு சொன்னது பொய்யிங்க. மொகத்துல கை வச்சா வலிக்கும். அதான் ஓடிப்போனேன். இன்னைக்கு வழிக்கிறேன்."

யாரோ சிரித்தார்கள். முகத்தில் கை பட்டால் வலிக்குமாம் என்று இன்னொருவன் இழுத்தான். சோணைமுத்து உட்கார்ந்து, விரலைத் தண்ணீரில் நனைத்துத் தன் மூக்கோரத்தில் தானே வைத்தான்.

வெட்டியது. வாய் ஒருபக்கம் இழுத்துக்கொண்டது. எச்சில் தாடியில் வழிந்தது. நாலு வருஷமாகச் சுவருக்கும் படப்புக்கும் பின்னால் ஒளித்து வைத்திருந்த கோலத்தை ஊர் முழுக்கப் பார்த்தது. சிரித்தவன் வாயை மூடிக்கொண்டான். வலி இறங்கியதும் சேவுகன் கையை அழுத்தி வைத்து நாலு இழுப்பு இழுத்தார். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு காத்திருந்தார். சோணைமுத்து மறுபடி விரலை நனைத்தான். மூன்றாம் தடவை வேட்டி நனைந்துவிட்டது. அதையும் எல்லோரும் பார்த்தார்கள். நாலாம் தடவைக்கு மீசை முடிந்தது.

போதும் அண்ணே, போதும் என்று மலையாண்டி அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். சோணைமுத்து எழுந்து, தண்ணீரில் இறங்கி, இடுப்பளவில் நின்று அப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தான். தாய்மாமன் உருமால் கட்டியபோது வலது பக்கம் படாமல் சுற்றினார். யாரும் அவரிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது அவனுக்கு ஏதோ தேறிவிட்டாற்போல இருந்தது. நாகவல்லி எதிரில் வந்து உட்கார்ந்தாள். இப்போதாவது கேட்பீர்களா என்று கேட்டாள். தலையாட்டினான்.

"மாமாவுக்குத் தெரியும்," என்றாள். "கெடையில கெடந்தப்ப நீங்க தூக்கி உக்கார வைப்பீகள்ல, அப்ப உங்க மொகம் போற போக்கப் பாத்துருக்காக. எனக்கும் தெரியும். 'நான் செத்தா எளையவனே கொள்ளி வைக்கட்டும், மூத்தவன் மொகத்துல கத்தி வேணாம், அம்பலத்துக்கிட்ட வேற ஏதாச்சும் காரணம் சொல்லிக்கங்க'ன்னாக. 'அவனாச் சொல்ற வரைக்கும் வெளிய விடாத, அவனுக்கு வெக்கமாப் போயிரும்'னாக. மாமாவ எடுத்த அன்னைக்கு உங்ககிட்டச் சொல்லிரலாம்னு பின்னாடியே வந்தேன். தெருமுக்குலயே பொம்பளையாளுகள மறிச்சுட்டாக. அப்பறம் கொட்டகைல நீங்க கேக்கல."

சோணைமுத்துவுக்கு ஊர் முன்னால் எச்சில் வழிய உட்கார்ந்திருந்தபோதுகூட வராத வெட்கம் இப்போது வந்தது. சாகக் கிடந்த மனிதர், தனக்கு மூத்த பிள்ளை கொள்ளி வேண்டாமென்று விட்டுக்கொடுத்திருக்கிறார். அதையும் பிள்ளை வெட்கப்படாமல் இருக்க இரகசியமாக விட்டுக்கொடுத்திருக்கிறார். நாலு வருஷமாக யாருக்கும் தெரியாது என்று தான் முகத்தைத் திருப்பியதெல்லாம் தெரிந்தவர்களிடமிருந்து. அப்பன் முகத்தைக் கடைசி நாட்களில் நேராகப் பார்த்தோமா என்று யோசித்தான். பார்க்கவில்லை.

அழுகை வந்தது. கண்ணீர் வலது கன்னத்தில் இறங்கி மூக்கோரத்தைத் தொட்டதும் வெட்டியது. பழக்கத்தில் உடம்பு சுவர்ப்பக்கம் திரும்பப் பார்த்தது. பிடித்து நிறுத்தி, அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். அது முடிந்ததும் அவள் விரலை எடுத்துத் தன் மூக்கோரத்துக்குப் பக்கத்தில், தொடாமல், வைத்துக் காட்டினான்.

"இங்கனதான்," என்றான்.