நீதிபதி நடந்த தெரு

ஹார்ட்வெல் ஊர் நீதிமன்றத்துக்கு எதிரே கெசையா ஸ்டோவெல் சத்திரம் நடத்தி வந்தாள். அமெரிக்கா இன்னும் இங்கிலாந்து அரசரின் கையில் இருந்த 1774ஆம் வருஷம் அது; அவள் சத்திரத்தில் தேநீர் கிடையாது. கேட்ட விருந்தாளிக்கு ராஸ்பெர்ரி இலையைக் கொதிக்க வைத்துக் கொடுத்தாள். குடித்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். ஆனாலும் கோப்பையை மிச்சம் வைக்கவில்லை. வரி போட்ட தேயிலையைத் தொடுவதைவிட இந்தக் கஷாயம் மேல் என்று மாசசூசெட்ஸ் முழுக்கப் பிடிவாதம்.

பாஸ்டனில் தேயிலையைக் கடலில் கொட்டியதற்கு அரசர் துறைமுகத்தையே பூட்டினார். அது தூரத்து நெருப்பு. அடுத்து வந்த சட்டம்தான் வீட்டுக் கூரையில் பற்றியது. ஆளுநர் அனுமதியில்லாமல் ஊர்க்கூட்டம் கூடாது. நீதிபதியை அரசர் தரப்பே நியமிக்கும். ஜூரிகளையும் அவர்களே பொறுக்குவார்கள்.

கொல்லர் ஓபேத் டார்பெல் இதற்கெல்லாம் அசருகிற ஆளில்லை.

"நாம எங்கே புதுசா கூட்டம் போடுறோம் அக்கா? மார்ச்ல ஆரம்பிச்ச கூட்டம் இன்னும் முடியலையே! சாப்பிடப் போயிட்டு வர்றோம், அவ்வளவுதான்" என்றான். கோடை முழுக்க ஊர் இப்படியே சாப்பிடப் போய் வந்துகொண்டிருந்தது. கெசையாவுக்குச் சிரித்து வயிறு வலித்தது.

சிரிப்பு நின்றது, அரசர் நியமித்த நீதிபதியின் பெயர் தெரிந்தபோது. எல்நாதன் பிரையர். இதுவரை ஊர்ச் சம்பளத்தில் தீர்ப்புச் சொன்னவர்; அவளுடைய சொந்த அண்ணன்.

செப்டம்பரில் நீதிமன்றம் திறக்கும் நாள். விடிவதற்குள் சுற்று வட்டாரத்து விவசாயிகள் தெருவை நிறைத்துவிட்டார்கள். கையில் தடி, சிலரிடம் துப்பாக்கி. நீதிமன்ற வாசலில் எள் போட்டால் விழாது. எல்நாதன் குதிரையிலிருந்து இறங்கிப் பார்த்தார். நீதிமன்றத்துக்குப் போகாமல் சத்திரத்தின் பின்கட்டு வழியாகத் தங்கையின் சமையலறைக்குள் புகுந்தார்.

கொஞ்ச நேரத்தில் ஓபேத் வாசலில் நின்றான். "அக்கா, உங்கண்ணன் உள்ள இருக்காரா?"

"இருக்காரு. பொய் சொல்ல மாட்டேன். ஆனா அரசர் ஆளுங்களை அவமானப்படுத்துற மாதிரி உடம்புல தார் பூசுறது, இறகு ஒட்டுறதுன்னு எவனாவது கிளம்பினீங்க, கொதிக்கிற பீன்ஸ் பானை உங்க தலையில."

"ஒரு விரல் படாது. அரசர் வேலை வேண்டாம்னு அவரே தெருவுல சொல்லட்டும். அது போதும்."

உள்ளே எல்நாதன் மாவு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார்.

"காட்டிக் குடுத்துட்டியா?"

"ஊரே பார்த்துச்சு நீ நுழையுறதை. எழுந்திரு அண்ணே."

"நான் சட்டத்தைக் காப்பாத்த வந்தவன், கெசையா. இவங்க கலகக்காரங்க."

"யாரு? நேத்துவரைக்கும் உன் ஜூரியில உட்கார்ந்தவங்கதானே வெளிய நிக்கிறாங்க? உனக்கு இத்தனை நாளா சம்பளம் குடுத்தது ஊரு. இனிமே அரசர் குடுப்பாரு. அப்புறம் எனக்கும் அரசருக்கும் வழக்குன்னா நீ யார் பக்கம்?"

 எல்நாதன் மெதுவாக எழுந்து கோட்டிலிருந்த மாவைத் தட்டினார்.

தெரு இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. எல்நாதன் தொப்பியைக் கையில் பிடித்து நடந்தார். பத்தடிக்கு ஒருதரம், "இந்தப் பதவியை நான் ஏற்க மாட்டேன்" என்று சொல்ல வேண்டும். பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று கத்தினார்கள், மறுபடி சொன்னார். சொல்லச் சொல்ல அவர் கழுத்து சிவந்தது. அந்தக் கழுத்தைப் பார்த்ததும் கெசையாவுக்குத் தாங்கவில்லை. தான் வாதாடி ஜெயித்தது இதற்காகவா? இறங்கிப் போய் அவர் பக்கத்தில் நடந்தாள். எங்கிருந்தோ ஒரு டர்னிப் கிழங்கு பறந்து வந்து அவள் தோளில் பட்டது.

"எவன்டா அது? சோத்துல போட வேண்டியதை ரோட்டுல போடுறவன்?"

கூட்டம் குபீரென்று சிரித்தது. எல்நாதன் மட்டும் சிரிக்கவில்லை.

நீதிமன்றம் அன்றைக்குத் திறக்கவில்லை. அரசர் பெயரில் அப்புறம் அது திறக்கவே இல்லை. ஒரு குண்டு வெடிக்கவில்லை, ஒரு மூக்கு உடையவில்லை. ஆனால் அந்த ஊரில் அரசாட்சி மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துபோயிருந்தது.

பனிக்காலத்தில் எல்நாதன் வண்டி கட்டினார். பாஸ்டனில் அரசரின் படை இருந்தது. அங்கேதான் மரியாதை என்றார்.

"தெருவுல என்கூட நடந்தியே, அதை மறக்க மாட்டேன். நடக்க வச்சதையும் மறக்க மாட்டேன்" என்றார்.

 கெசையா போர்வையை அவர் முழங்காலில் போர்த்தி ஓரத்தைச் செருகினாள்.

ஏப்ரலில் லெக்சிங்டனில் அரசரின் படையும் ஊர்க்காரர்களும் மோதித் துப்பாக்கி வெடித்தது; போர் தொடங்கியது. ஓபேத்தும் மற்றவர்களும் போய்ப் பாஸ்டனைச் சுற்றி வளைத்தார்கள். கெசையாவின் அடுப்பு அணையவே இல்லை; முற்றுகையிட்டவர்களுக்கு வண்டி வண்டியாக ரொட்டி அனுப்பினாள். உள்ளே நகரத்தில் மாவு தீர்ந்துவிட்டது, பழைய உப்புக்கறிதான் என்று செய்தி வந்தது.

ரொட்டி ஏற்ற வந்த ஓபேத் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அண்ணன் உள்ளதானே இருக்காரு... உங்களுக்கு ஒரு மாதிரி இல்லையாக்கா?"

"இருக்கு. அதுக்காக உங்களைப் பட்டினி போட முடியுமா?" என்றாள் கெசையா, அடுத்த மூட்டையைத் தூக்கிக்கொண்டே. "நகரத்துக் கதவு திறந்ததும் அவரை முதல்ல தேடு. கொஞ்சம் மரியாதையா பேசு."