பலாப்பழத்துக்குப் பொருந்திய வெளிச்சம்

பெலிசியா, மகள் கிரேசியோடு கனடா கிளம்ப ஒரு வாரமே இருந்தது. பேரப்பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போகும்வரை திரும்பமாட்டாள். மூட்டை கட்ட இப்போதே சிதம்பரத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். செம்மண்டலத்து வீட்டில் இருந்த படங்களிலோ, அவள் ஆதார் அட்டைக்கு உட்கார்ந்ததுபோல விறைத்துக்கொண்டிருந்தாள். தினமும் பார்த்துப் பேச ஒரு நல்ல முகம் வேண்டும் கணவர் மரிய ஜோசப்புக்கு. ஓய்வுபெற்ற மனிதர், கேமரா வாங்கிவிட்டார். சுவரில் ஆணியும் அடித்தாயிற்று.

படமெடுத்துப் பழக ஆள் இல்லை. மச்சான் அமலன் காடாம்புலியூரிலிருந்து கொண்டுவந்த பலாப்பழத்தை நாற்காலியில் உட்காரவைத்தார். மேசை விளக்கைக் கீழே வைத்தால் பேய். உச்சியில் பிடித்தால் மண்டையோடு. பக்கவாட்டில் சாய்த்தார்; ஒவ்வொரு முள்ளும் இமயமலையாக எழுந்து நின்றது! அவர் எரித்த வெளிச்சத்தைக் கலங்கரை விளக்கென்று நம்பித் துறைமுகத்துக் கப்பலெல்லாம் செம்மண்டலத்துக்குத் திரும்பாதது கர்த்தர் கிருபை.

"மாமா, அக்கா பிளைட் ஏறதுக்குள்ள இதுக்குப் புடவை கட்டிடுவீங்க போலருக்கே" என்றான் அமலன்.

விளக்கோடு சிதம்பரம் போனார். சாயங்காலம் பெலிசியாவை உட்காரவைத்து, அதே பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்துக் காட்டினார். அறுபது வயதின் சுருக்கங்கள் ஒன்று விடாமல் வந்திருந்தன.

"ஏங்க, எம் மூஞ்சி இவ்ளோ முள்ளாவா இருக்கு?"

வேறு வழியில்லாமல் பலாப்பழக் கதையைச் சொன்னார். அவள் சிரித்த சிரிப்பில் கட்டிய பெட்டி அவிழ்ந்துவிடும்போலிருந்தது. பிறகு கேமராவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நீங்க உக்காருங்க. அங்க போயி நான் யாரப் பாக்கறது?"

இது அவருக்குத் தோன்றவே இல்லை. உட்கார்ந்தார். அவள் விளக்கை நேராக அவர்மேல் திருப்பினாள். வெளிச்சம் அவருடைய வெள்ளைச் சட்டையில் பட்டுத் திரும்பி, கேமராவின்மேல் குனிந்திருந்த அவள் முகத்தில் மெல்லப் படிந்தது. சுருக்கங்களெல்லாம் அப்படியேதான் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் அவரைப் பார்த்துச் சிரித்தது. அவர் தேடிய வெளிச்சம் அதுதான். கேமராதான் கையில் இல்லை. பதறி எழப்போனார்.

"அசையாதீங்க."

அசையவில்லை.

அவள் எடுத்த அவர் படம் அவளோடு கனடா போய்விட்டது. செம்மண்டலத்து ஆணி இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. காலைக் காப்பியோடு அதன் எதிரேதான் உட்காருகிறார். அவள் போனில் அனுப்பிய அந்தப் படத்தைப் பார்த்து, கண் கலங்கியிருக்கிறதே என்று அமலன் கேட்டால், விளக்கு ரொம்பக் கிட்டத்தில் இருந்தது என்று அடித்துச் சொல்கிறார்.