மூன்றாவது இழுப்பு

மலாயாவில், கிள்ளான் ஆற்றோரம் எங்கள் கயிற்றுக் கம்பெனியை ஆரம்பித்த துரை, முதலில் கட்டியது ஒரு நீளக் கொட்டகை. கப்பல் வடம் திரிக்க அவ்வளவு நீளம் வேண்டும். ஒரு கோடியில் நல்லம்மாள் சக்கரம் சுற்றுவாள். மறுகோடியில் நாகையா நுனியைப் பிடித்து நிற்பான். நடுவில் நார் சீவுகிற நாங்கள். சக்கரச் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது. அதனால் கயிற்றை இழுத்துத்தான் சேதி சொல்வார்கள். ஒரு இழுப்பு என்றால் நிறுத்து. இரண்டு என்றால் சுற்று. மூன்று என்றால் முடிந்தது, சக்கரத்துக் கொக்கியிலிருந்து அவிழ்த்து விடு.

இரண்டு பேருக்கும் நாதி கிடையாது. வருஷக்கணக்காக ஒரே கயிற்றைப் பிடித்தும் நாலு வார்த்தை பேசியதில்லை. நாகையாவுக்கு வாயில் எப்போதும் கொழுக்கட்டைதான். ஒரு தட்டு, ஒரு குவளையோடு தனியாகத்தான் சாப்பிட உட்காருவான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதில் ரப்பர் விலையும் ஈய விலையும் விழுந்தன. கப்பல் வரத்துக் குறைந்து வடம் வாங்க ஆளில்லை. கொட்டகையை மூடுவதாகத் துரை சொல்லிவிட்டார். ஊர் திரும்புகிறவர்களுக்கு இலவசக் கப்பல் என்றார்கள். நல்லம்மாள் பெயர் கொடுத்துவிட்டாள்.

"ஊருல உனக்கு யாருடி இருக்கா?" என்று கேட்டேன்.

"யாரும் இல்லக்கா. இங்க மட்டும் யாரு? அந்தக் கோடியில நிக்கிறவரு இருன்னு ஒரு வார்த்தை சொன்னா இருந்துடுவேன்."

நேரே நாகையாவிடம் போனேன். "நாளைக்குக் கடைசி வடம். அதுக்குள்ள அவளைக் கேட்டுடு தம்பி, சும்மா நிக்காத லா."

மறுநாள் வடம் பாதிகூட முறுக்கேறவில்லை. நாகையா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு கயிற்றை இழுத்தான். ஒன்று. இரண்டு. கொஞ்சம் தயங்கி இன்னொன்று.

நல்லம்மாள் சக்கரத்தை நிறுத்தினாள். அந்தக் கோடியையே பார்த்தபடி நின்றாள். பிறகு கொக்கியிலிருந்து அவிழ்த்து விட்டாள். முறுக்கெல்லாம் பிரிந்து வடம் தரையில் கிடந்தது.

"பாதியிலேயே விட்டுடுன்னுட்டாரு அக்கா," என்று சாயங்காலம் அழுதாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் முகத்திலேயே விழிக்கவில்லை. விடிந்ததும் அவள் கப்பலேறிப் போய்விட்டாள்.

மத்தியானம் நாகையா வந்து வாசலில் நின்றான்.

"கேட்டேன் பவுனக்கா. அவ வேணாம்னு அவுத்து விட்டுட்டா."

"எப்படா கேட்ட?"

"மூணு தரம் இழுத்தேனே. மூணு முடிச்சு போடலாமான்னு."

"அட படுபாவி, நம்ம கொட்டகையில மூணுன்னா என்னடா?"

அவன் விரலை மடக்கினான். "ஒண்ணு நிறுத்து... ரெண்டு சுத்து..." மூன்றாவது விரல் மடங்கவே இல்லை.