ஏழாம் இணைப்பில் ஆள் உண்டா

1

இந்தக் கதை ஒரு கணினிக் கையேட்டிலிருந்து பிறந்தது. ‘பயனர் இணைப்பைத் தானாக விழச் செய்வது எப்படி’ என்று அதில் ஓர் அத்தியாயம். (விழுவது என்றால் அறுந்துபோவதல்ல, லைன் கிடைப்பது.) இதில் என்ன கதை என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். பிறகு அதன் முன்னால் பிறிஜெற் என்ற பெண்ணைக் கொண்டுபோய் உட்கார வைத்தேன்.

2

தொண்ணூற்றாறில், கொழும்பில் குண்டும் மின்வெட்டும் மாறி மாறி

(வேண்டாம். செய்தித்தாள் வாசம் அடிக்கிறது.)

வெள்ளவத்தையில் ஒரு கப்பல் ஏஜென்சி. பிறிஜெற் அங்கே கணினிப் பிரிவு. அவளுக்கு நிச்சயித்த றேமண்ட், அதே கம்பனியின் ஒருகொடவத்தைக் கொன்டெய்னர் யார்டில் கிளார்க். கொட்டாஞ்சேனைக் கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது வருகிற ஞாயிறு. அதுவரை எந்தச் செக்பொயின்ரும் அவனைப் பிடித்து வைக்கக்கூடாது என்பதுதான் அவளுடைய ஒரே மன்றாட்டு.

யார்டின் டெர்மினல், வெள்ளவத்தை டெர்மினல் சேர்வரின் ஏழாம் இணைப்பில் தொங்கியது. றேமண்ட் கட்டளை அடித்து உள்ளே வந்தால் அவளுடைய திரையில் ஏழு என்று எழும். வீடு போய்ச் சேர்ந்ததும் ஒரு ரிங் விட்டு வைப்போமே, அந்த மாதிரி. (யார்டின் ஒரே போன் மனேஜரின் பூட்டிய அறையில்.) ஆனால் அந்த மனுசன் வந்ததும் பிளேன்டீ குடித்து, ஊர்க்கதையெல்லாம் கதைத்து முடித்துத்தான் கட்டளை அடிப்பான். அதுவரை அவள் திரையை விட்டு எழும்ப மாட்டாள்.

ஆகவே கையேட்டைப் பார்த்து மாற்றினாள். டெர்மினலுக்குக் கரண்ட் வந்தாலே போதும், இணைப்புத் தானாக விழும்.

3

ஆனால் மின்வெட்டு நாட்களில் யார்தான் சுவிட்சை அணைத்தார்கள்? எரிந்தால்தானே கரண்ட் வந்தது தெரியும்.

வியாழன் காலை, றேமண்ட் வேலைக்கு வரும் வழியில், கிராண்ட்பாஸில் சுற்றிவளைப்பு. ஏழு எழுந்தது. பிறிஜெற் சிலுவை போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில், மனேஜர் வந்து அறையைத் திறந்ததும், யார்ட் காவலாளி இருளப்பன் போன் எடுத்து, றேமண்ட் தம்பி அந்தப் பக்கம் வந்தாரா என்று கேட்டார்.

“அவரிட டெர்மினல் ஓடுதே, அண்ணே.”

“கரண்டு வந்திச்சிங்க, அதான் எரியுது. கதிரையில ஆளில்ல.”

அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

4

மாலையில் ஒரு ஜீப் வந்து

(இந்த வரியை அடித்துவிட்டேன். பஸ் பழுதாகிவிட்டது என்றும் எழுதிப் பார்த்தேன். அதை நானே நம்பவில்லை.)

பிறிஜெற் எனக்காகக் காத்திருக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கையேட்டைப் புரட்டினாள். இன்னொரு வழியும் இருந்தது: கரண்ட் வந்தால் போதாது, ஆள் ஏதாவதொரு விசையைத் தட்டினால்தான் இணைப்பு விழும். அப்படியே மாற்றினாள். வேறொருவரும் அந்த டெர்மினலைத் தொடக்கூடாது என்று இருளப்பனிடம் சொல்லி வைத்தாள். திரையில் ஏழு அணைந்தது.

இருந்ததையும் ஏன் அணைக்கிறீர் என்று பக்கத்து மேசை நேசமலர் கேட்டாள்.

“இனி எழும்பினா, அது அவர்தான்.”

5

முடிவை நான் எழுதப் போவதில்லை. என்னால் முடிந்ததைச் செய்துவிட்டேன். சுற்றிவளைப்பை முடித்து, றேமண்டின் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கச் செய்து, யார்டின் வாசல்வரை அவனைக் கொண்டுவந்தேன். இன்றைக்குப் பிளேன்டீகூட வேண்டாம் என்று சொல்ல வைத்தேன்.

இதோ, கதிரையில் உட்கார்ந்துவிட்டான். டெர்மினல் எரிகிறது. திரை வெறுமையாக இருக்கிறது. தானாக விழும் என்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்கிறான். ஒரு விசையைத் தட்ட வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

நீங்களாவது அவனுக்குச் சொல்லுங்கள். வெள்ளவத்தையில் அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.