டிக் போடாத கட்டம்

என் கணவர் சேஷாத்ரி கல்கத்தா துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம் ரெக்கார்டு பிரிவில் இருந்தவர். பழைய கோப்புகளைத் தேடிப் பிடித்துக் கழித்துக் கட்டுவதுதான் அங்கே வேலை. ரிடையர் ஆனபிறகு கழிக்க எதுவும் கிடைக்காமல் வீட்டின் பக்கம் திரும்பினார். நான் மிஞ்சியிருப்பதே பெரிய விஷயம்.

2004-ல் எங்கள் பையன் கல்கத்தா லேக் மார்க்கெட் ஃப்ளாட்டில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துவிட்டு பெங்களூர் போய்விட்டான். அதில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் மீராவுக்குப் பாடம் வாசித்தது. மீரா, கரக்பூர் ரயில்வேயில் இருந்த தமிழ்க்காரர் ஒருவரின் பெண். பிறவியிலேயே கண் தெரியாது. ஜாதவ்பூரில் ஹாஸ்டலில் தங்கி எம்.ஏ. சரித்திரம் படித்தாள். யாராவது வாசித்துப் பதிவு செய்து கொடுத்தால்தான் அவளுக்குப் பாடம்.

ஏதோ பத்திரிகையோடு வந்த சி.டி.யில் குரல் பதிவு செய்யும் மென்பொருள் இருந்தது. முகம் தெரியாத யார் யாரோ சேர்ந்து எழுதி, வேண்டுகிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தார்கள். கேசட்டில் ஒரு வரி தப்பினால் ரீவைண்டு செய்து மல்லுக்கட்ட வேண்டும். இதில் தப்பை மட்டும் வெட்டி எறியலாம். ஒரு மாதத்தில் ஒன்பது அத்தியாயம் வாசித்து, ஒவ்வொன்றையும் ‘சேவ்’ செய்தேன். ‘எக்ஸ்போர்ட்’ என்றும் ஒன்று இருந்தது. ஜாதவ்பூருக்கு எதற்கு ஏற்றுமதி என்று நான் அந்தப் பக்கமே போகவில்லை.

வெள்ளிக்கிழமை ஒன்பது கோப்புகளையும் சி.டி.யில் ஏற்றி அனுப்பினேன். ஒவ்வொன்றும் துளியூண்டு இருந்தது. இவ்வளவு குரலை இத்தனை சின்னதாக மடித்து வைத்திருக்கிறதே என்று மெச்சிக்கொண்டேன். மறுநாள் இவர் டிஸ்க் நிரம்பிவிட்டதென்று துப்புரவில் இறங்கினார். நான் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை மீரா ஃபோன் செய்தாள். “மாமி, சி.டி.ல கிச்சு நேய்.”

பதறினால் அவளுக்கு வங்காளம்தான் வரும். சி.டி.யில் ஒன்றுமே இல்லையாம், சத்தமே வரவில்லையாம். பரீட்சைக்குப் பத்து நாள்தான் இருந்தது.

பல்கலைக்கழகத்துக் கம்ப்யூட்டர் அறையில் விசாரித்துவிட்டு அவளே திரும்பக் கூப்பிட்டாள். நான் அனுப்பியது வெறும் குறிப்புத்தானாம். குரலெல்லாம் அதே பெயரில் பக்கத்திலிருக்கும் ஃபோல்டரில் துண்டு துண்டாக இருக்குமாம். “அது இருந்தாப் போறும் மாமி, ஒண்ணும் போகலை.”

தேடினேன். ஒரு ஃபோல்டர்கூட இல்லை.

“ஏன்னா, இங்க ஒம்பது ஃபோல்டர் இருந்துதே?”

இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உள்ள பார்த்தேன். ஒரு துண்டுக்காவது ஒழுங்கா பேர் இல்லை. குப்பைன்னு நெனச்சு அழிச்சுட்டேன்.”

“ரீசைக்கிள் பின்ல இருக்குமே?”

“அதையும் காலி பண்ணிட்டேன்.”

அன்று சாயங்காலம் நான் காபி போடவில்லை. அவரும் கேட்கவில்லை.

மறுநாள் மீரா கைத்தடியோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். நான் மென்பொருளைத் திட்டினேன், இவரைத் திட்டினேன், கடைசியில் என்னையும் திட்டிக்கொண்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “திரும்ப வாசிக்கலாமா மாமி?” என்றாள்.

இந்த அவசரத்தில் என் தொண்டை ஐந்து அத்தியாயத்துக்குமேல் தாங்காது. “மீதி நாலு நான்,” என்றார் இவர். ஆபீஸ் நோட்டைத் தவிர எதையும் உரக்க வாசித்தறியாத மனுஷர். கமாவுக்கு நிற்பார், முற்றுப்புள்ளிக்கு இருமுவார். முடித்ததும் எக்ஸ்போர்ட் செய்து, சி.டி.யில் ஏற்றி, முழுக்கக் கேட்டபிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார். ஏழாம் நாள் ஒன்பதும் மீராவின் கைக்குப் போய்விட்டது.

பரீட்சையில் அவள் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் உண்டு. பெரிய கேள்வி இவர் வாசித்த ஏழாம் அத்தியாயத்திலிருந்து வந்ததாம். “மாமா குரல்லயே ஞாபகம் வந்தது மாமி, இருமல் உள்பட,” என்றாள். இவர் பால்கனிக்குப் போய் ரொம்ப நேரம் ட்ராமைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதன்பிறகு அந்த மென்பொருள்காரர்களுக்குச் சூடாக நாலு வார்த்தை எழுதச் சொன்னேன். டைப்பிங் பழகியிருந்த மீரா தட்டினாள். முதல் வரியிலேயே நன்றி என்று போட்டாள்.

“நன்றி எதுக்குடி?”

“அவா சும்மா குடுக்கலைன்னா எனக்கு இந்த வருஷம் பாடமே இல்லை மாமி. நன்றிய மொதல்ல சொல்லிட்டு, எங்க விழுந்தோம்னு அப்புறம் சொல்லுவோம்.”

நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். நான் எதை அழுத்தினேன், என்ன நினைத்து அழுத்தினேன், இவர் எதைப் பார்த்துக் குப்பை என்று நினைத்தார், எல்லாவற்றையும் வரிசையாக எழுதினோம். ஒரு வாரத்தில் பதில் வந்தது. எங்களைப் போலவே இன்னும் பலர் விழுந்திருக்கிறார்களாம், சரிசெய்கிறோம், எழுதியதற்கு நன்றி என்று போட்டிருந்தார்கள்.

மீரா முதல் வகுப்பில் தேறினாள். அடுத்த வருஷம் புதுப் பதிப்பு வந்தது. சேவ் அழுத்தியதும் ஒரு பெட்டி திறந்தது. ‘இது ஒலிக்கோப்பு அல்ல. வேறு கருவியில் கேட்க எக்ஸ்போர்ட் செய்யவும். பக்கத்திலுள்ள ஃபோல்டரை அழிக்க வேண்டாம்.’ இவர் நின்றபடியே அதை உரக்க வாசித்தார், கமாவுக்கு நின்று, முற்றுப்புள்ளிக்கு இருமி. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பெட்டியின் அடியில், ‘இனி இதைக் காட்ட வேண்டாம்’ என்று ஒரு சின்னக் கட்டம். டிக் போட்டால் தொல்லை விட்டது. மீராவுக்குப் பிறகு வந்த பிள்ளைகளுக்கும் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் பெட்டி வந்து என் கையை நிறுத்துகிறது. முழுக்கப் படித்துவிட்டுத்தான் மூடுகிறேன். டிக் மட்டும் இன்றுவரை போடவில்லை.